அழைப்பு, பாதை, சட்டம்: நிகராகுவாவில் வில்லியம் வாக்கரின் தனியார் படையெடுப்பு (1855–1860)

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்து அரசின் ஆணை இன்றித் தனியார் படைகள் அண்டை நாடுகளின் மீது படையெடுத்தன. அவற்றுள் ஆட்சியதிகாரத்தைக் கைப்பற்றும் அளவுக்கு முன்னேறியது வில்லியம் வாக்கரின் நிகராகுவாப் படையெடுப்பே ஆகும். வாக்கரின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் அவருடைய தனிப்பட்ட துணிச்சல், பேராசை ஆகியவற்றைக் கொண்டு விளக்கும் போக்கு நீண்ட காலமாக நிலவி வருகிறது. உள்நாட்டுக் கட்சியொன்றின் அழைப்பு, கடல்களை இணைத்த வணிகப் பாதை, முழுமையாகச் செயற்படாத நடுநிலைமைச் சட்டம் ஆகிய மூன்றுமே அவரைத் தாங்கி நின்றன என்பதையும், அவற்றுள் முதலிரண்டு விலகியபோது அவர் வீழ்ந்தார் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ‘தனியார்’ படையெடுப்பு என்பது முழுமையாகத் தனியாருடையதாக இருந்ததில்லை என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தனியார் படையெடுப்பு, பிலிபஸ்டர், வில்லியம் வாக்கர், நிகராகுவா, நடுநிலைமைச் சட்டம், மத்திய அமெரிக்கா, அடிமைமுறை.

முன்னுரை

1856 ஜூலை 12 அன்று நிகராகுவாவின் கிரனாடா நகரில் வில்லியம் வாக்கர் அந்நாட்டின் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த நாஷ்வில் நகரில் 1824இல் பிறந்தவர் அவர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, நியூ ஆர்லியன்ஸில் வழக்கறிஞராகவும் இதழாசிரியராகவும் பணியாற்றிப் பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் குடியேறினார். நிகராகுவாவில் கால் வைத்த பதின்மூன்று மாதங்களில், வந்திறங்கியபோது அறுபது பேரும் இல்லாத படையுடன் வந்த ஓர் அயல்நாட்டவர் நாட்டின் தலைவராகிவிட்டார் என்பது உலக வரலாற்றில் அரிதான நிகழ்வு. பதவியேற்ற பத்து மாதங்களுக்குள் அவர் சரணடைந்து வெளியேறினார்; 1860இல் ஹோண்டுராஸின் துருஹியோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 36.

இத்தகைய வாழ்க்கை, வரலாற்றை எழுதுவோரைத் தனிமனித வரலாற்றின் பக்கம் எளிதில் இழுத்துவிடும். வாக்கரைக் குறித்து ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல்கள் பலவும் அவரை விசித்திர மனிதராக, தோல்வியுற்ற கனவு காண்பவராக, அல்லது கொடுங்கோலராகச் சித்திரிக்கின்றன. இச்சித்திரங்கள் முற்றிலும் பொய்யானவை அல்ல. ஆயினும், இதே காலகட்டத்தில் இதே துணிச்சலுடன் புறப்பட்ட பலர் சில வாரங்களிலேயே அழிந்தபோது வாக்கர் மட்டும் எவ்வாறு ஒரு நாட்டின் தலைமையை எட்டினார் என்னும் வினாவுக்கு அவற்றில் விடையில்லை. மனிதரின் குணத்தை விடுத்து அவர் நின்ற தளத்தை ஆராய்ந்தால் அவ்விடை கிடைக்கும்.

சொல்லும் பொருளும்

தனியார் படையெடுப்பாளர்களைக் குறிக்க அக்காலத்தில் ‘பிலிபஸ்டர்’ என்னும் சொல் வழங்கியது. கொள்ளையர் என்னும் பொருள்தரும் டச்சுச் சொல்லொன்று பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளின் வழியாக ஆங்கிலத்தில் புகுந்து இவ்வடிவம் பெற்றது. கரீபியன் கடற்கொள்ளையரைக் குறித்த அச்சொல், 1850களில் அமைதி நிலவும் நாடொன்றின் மீது தம் அரசின் அனுமதியின்றிப் படையெடுப்போரைக் குறிக்கலாயிற்று. பின்னாளில் அமெரிக்கச் சட்டமன்றத்தில் பேசிப் பேசியே மசோதாவைத் தடுக்கும் உத்திக்கும் அப்பெயரே நிலைத்தது.

பிலிபஸ்டரைக் கூலிப்படை வீரரிடமிருந்தும் கடற்கொள்ளையரிடமிருந்தும் வேறுபடுத்திக் காண்பது இன்றியமையாதது. கூலிப்படை வீரர் பிறருடைய போரை ஊதியத்திற்காக நடத்துகிறார். கடற்கொள்ளையர் பொருளைக் கவர்ந்து அகன்றுவிடுகிறார். பிலிபஸ்டரோ பிறர் நாட்டில் ஆட்சியைக் கைப்பற்றி அங்கேயே நிலைக்க முனைகிறார். அதனால் அவருக்குப் படையோடு கொடி, அரசியலமைப்பு, நிலச்சட்டம், செய்தித்தாள் ஆகியனவும் தேவைப்படுகின்றன. கியூபாவின் மீது 1850இலும் 1851இலும் படை நடத்திச் சென்ற நர்சிசோ லோபஸ் ஹவானாவில் கொல்லப்பட்டார். மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தை நாடிய பிரெஞ்சுக்காரர் ராவுசே-பூல்போன் 1854இல் குவாய்மாஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். இவ்விருவரும் பிலிபஸ்டர்களே, ஆனால் இருவராலும் நிலையான ஆட்சி எதையும் நிறுவ இயலவில்லை.

சட்டம்: தடுப்பும் இடைவெளியும்

அமெரிக்கச் சட்டப்படி இத்தகைய படையெடுப்பு குற்றமாகும். 1818ஆம் ஆண்டின் நடுநிலைமைச் சட்டம், அமெரிக்காவுடன் அமைதி பேணும் நாட்டின் மீது அமெரிக்க மண்ணிலிருந்து படையெடுப்பைத் தொடங்குவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 3,000 டாலர் வரை அபராதமும் விதித்தது. ஆனால் சட்டத்தை நடைமுறைப்படுத்திய அதிகாரிகளும், தீர்ப்பு வழங்கிய ஜூரிகளும் வாழ்ந்த சமூகத்தில் நாட்டின் எல்லையை விரிப்பது அமெரிக்கர்க்கு விதிக்கப்பட்ட கடமை என்னும் கருத்து வேரூன்றியிருந்தது. 1845இல் டெக்சாஸ் இணைக்கப்பட்டிருந்தது; 1848இல் மெக்சிகோவின் பெரும்பரப்பு போரின் முடிவில் அமெரிக்காவுக்கு வந்திருந்தது. அரசு செய்தால் வெற்றி எனப் போற்றப்படுவதைத் தனியார் செய்தால் குற்றம் எனத் தண்டிக்க மக்கள் தயங்கினர்.

வாக்கரின் முதல் முயற்சியே இதற்குச் சான்று. 1853 அக்டோபரில் 45 பேருடன் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கப்பலேறிய அவர், கீழைக் கலிபோர்னியாவின் லா பாஸ் நகரைக் கைப்பற்றித் தம்மைப் புதிய குடியரசொன்றின் தலைவராக அறிவித்துக் கொண்டார். சில வாரங்களில் அக்குடியரசில் சொனோராவையும் ஏட்டளவில் சேர்த்தார். அம்மாநிலத்தை ஆளும் அளவுக்கு அவரிடம் படையும் இல்லை, உணவும் இல்லை. உள்ளூர் மக்களின் எதிர்ப்பும் பசியும் துரத்த, 1854 மே மாதத்தில் எஞ்சிய சிலருடன் எல்லையைக் கடந்து அமெரிக்க அதிகாரிகளிடம் சரணடைந்தார். அவருக்குத் துணைத்தலைவராக இருந்த ஹென்றி வாட்கின்ஸுக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது. வாக்கரையோ ஜூரி எட்டே நிமிடங்களில் விடுவித்தது.

இம்முயற்சியிலிருந்து இரண்டு பாடங்கள் வெளிப்படுகின்றன. உள்நாட்டில் எவரும் அழைக்காத நாட்டில், வழங்கல் பாதை இல்லாத படை நிலைக்காது என்பது ஒன்று. சட்டத்தை நேருக்கு நேர் மீறாமல் அதன் சொற்களுக்குள் நுழைந்து வெளிவர முடியும் என்பது மற்றொன்று. அடுத்த முயற்சியில் வாக்கர் இவ்விரண்டையும் கையாண்டார்.

அழைப்பு: உள்நாட்டுப் போரின் கதவு

1838க்குப் பின் மத்திய அமெரிக்கக் கூட்டாட்சி சிதைந்து ஐந்து தனிக் குடியரசுகள் உருவாயின. நிகராகுவாவில் கிரனாடா நகரை மையமாகக் கொண்ட பழைமைவாதிகளும் லியோன் நகரை மையமாகக் கொண்ட தாராளவாதிகளும் ஆட்சிக்காக இடைவிடாது மோதினர். 1854இல் அம்மோதல் உள்நாட்டுப் போராக வெடித்தது. முதலாமவர் மரபுரிமைக் கட்சியினர் எனவும், இரண்டாமவர் ஜனநாயகக் கட்சியினர் எனவும் தம்மை அழைத்துக் கொண்டனர். போரில் பின்னடைவைச் சந்தித்த ஜனநாயகக் கட்சித் தலைவர் பிரான்சிஸ்கோ காஸ்தெயோன் அயல்நாட்டு வீரர்களின் துணையை நாடினார். அமெரிக்கரான பைரன் கோல் அவருடன் ஒப்பந்தம் செய்து அதனை வாக்கரிடம் கொண்டுவந்தார்.

முதல் ஒப்பந்தம் 300 வீரர்களைப் போர்ப்பணிக்கு அழைத்தது. அது நடுநிலைமைச் சட்டத்தை மீறும் என்பதை வழக்கறிஞரான வாக்கர் உடனே உணர்ந்தார். கோல் மீண்டும் நிகராகுவா சென்று 1854 டிசம்பரில் புதிய ஒப்பந்தம் பெற்றார். அதில் ‘வீரர்கள்’ என்னும் சொல் இல்லை. நிலமானியத்துடன், ஆயுதம் தாங்கும் உரிமையும் பெற்ற 300 ‘குடியேறிகள்’ மட்டுமே இருந்தனர். ஒரு சொல் மாறியது, செயல் மாறவில்லை. 1855 மே மாதத்தில் வெஸ்டா என்னும் கப்பல் அவர்களுள் முதற் குழுவினருடன் புறப்பட்டு ஜூன் மாதத்தில் ரியலேஹோ துறைமுகத்தை அடைந்தது.

காஸ்தெயோனின் கணக்கு தெளிவானது. அயலவர் சிலரின் துப்பாக்கிகளைக் கொண்டு கிரனாடாவை வீழ்த்தலாம். பின்னர் நிலம் கொடுத்து அவர்களைக் குடியேற்றலாம். இக்கணக்கு அந்நாட்டுத் தாராளவாதிகள் பலருடைய நம்பிக்கையையும் பிரதிபலித்தது. அமெரிக்கக் குடியேறிகளின் வருகை வணிகத்தையும் முன்னேற்றத்தையும் கொணரும் என அவர்கள் எண்ணினர். வாக்கருக்குக் கிடைத்த உள்ளூர் ஆதரவை அண்மைக்கால ஆய்வில் விரிவாக எடுத்துக்காட்டியவர் மிஷேல் கோபாட். எனவே, வாக்கர் நிகராகுவாவின் மூடிய கதவை உடைத்து நுழைந்தார் என்பதைவிட, உட்புறமிருந்து திறக்கப்பட்ட கதவின் வழியே நுழைந்தார் என்பதே பொருந்தும்.

1855 ஜூன் இறுதியில் ரிவாஸ் நகரில் நடந்த முதற் போரில் வாக்கர் தோற்றார். செப்டம்பரில் லா விர்ஹென் என்னும் இடத்தில் வென்றார். அம்மாதத்திலேயே காஸ்தெயோன் காலராவால் இறந்தார். அழைத்தவர் மறைய, அழைக்கப்பட்டவர் மட்டும் எஞ்சினார். அக்டோபர் 13 அன்று வாக்கர் கிரனாடாவைத் திடீரெனக் கைப்பற்றினார். மரபுரிமைக் கட்சியின் முன்னணிக் குடும்பங்கள் அந்நகரில் அவர் பிடியில் இருந்தமையால், அக்கட்சியின் படைத்தலைவர் பொன்சியானோ கொர்ரால் உடன்படிக்கைக்கு இணங்கினார். பத்ரிசியோ ரிவாஸ் குடியரசுத் தலைவரானார். கொர்ரால் போர் அமைச்சரானார். படை முழுவதும் வாக்கரின் கீழ் வந்தது. சில நாட்களில் அண்டை நாட்டினருக்குக் கொர்ரால் எழுதிய கடிதங்கள் சிக்கின. அவர் துரோகக் குற்றத்திற்காக நவம்பர் 8 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்.

பாதை: கம்பெனியின் கப்பல்கள்

அழைப்பு கதவைத் திறந்தது. ஆனால் உள்ளே நுழைந்த சிறுபடையை வளர்த்தது பாதையே ஆகும். 1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டபின் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குச் செல்வோர் எண்ணிக்கை பெருகியது. கண்டத்தின் குறுக்கே இருப்புப்பாதை இல்லாத அக்காலத்தில் மத்திய அமெரிக்கப் பூசந்தியைக் கடப்பதே விரைவான வழி. நிகராகுவாப் பாதையில் பயணிகள் அட்லாண்டிக் கரையின் சான் ஹுவான் தெல் நோர்த்தேயில் இறங்கி, சான் ஹுவான் ஆற்றில் நீராவிப் படகேறி, நிகராகுவா ஏரியைக் கடந்து லா விர்ஹென் சேர்வர். அங்கிருந்து ஏறத்தாழ 12 மைல் தரைவழி சென்றால் பசிபிக் கரையின் சான் ஹுவான் தெல் சுர் துறைமுகம். இப்பாதையைக் கொர்னீலியஸ் வாண்டர்பில்ட் நிறுவிய ஆக்சஸரி டிரான்சிட் கம்பெனி 1851 முதல் நடத்தி வந்தது.

கிரனாடாவைக் கைப்பற்ற வாக்கர் பயன்படுத்தியது இக்கம்பெனியின் நீராவிக் கப்பலையே. ஏரிக்கரையில் நின்ற அக்கப்பலைப் பறித்து, இரவில் படையை ஏற்றி, எதிரி எதிர்பாராத திசையில் இறக்கினார். அதன்பின் கம்பெனியின் கட்டுப்பாட்டை அப்போது வைத்திருந்த சார்ல்ஸ் மார்கனும் கொர்னீலியஸ் கேரிசனும் அவருக்குத் துணைநின்றனர். பாதைவழிச் சென்ற தங்கத்திலிருந்து 20,000 டாலர் கடனாகக் கொடுக்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்த ஆட்கள் கட்டணமின்றி ஏற்றிவரப்பட்டனர். பழைய இதழாசிரியரான வாக்கர் ‘எல் நிகராகுவென்ஸ்’ என்னும் இருமொழிச் செய்தித்தாளைக் கிரனாடாவில் தொடங்கினார். அதன் செய்திகள் அதே கப்பல்களில் ஏறி அமெரிக்க நகரங்களில் ஆள்திரட்ட உதவின. பயணிகளுக்கென அமைந்த பாதை படைக்கும் பாதையாயிற்று.

1856 தொடக்கத்தில் வாண்டர்பில்ட் கம்பெனியை மீண்டும் தம் கைக்குக் கொண்டுவந்தார். அதே வேளையில், பிப்ரவரியில் நிகராகுவா அரசு அக்கம்பெனியின் உரிமத்தை நீக்கியது. அரசுக்குரிய பங்குத்தொகையைக் கம்பெனி செலுத்தவில்லை என்பது கூறப்பட்ட காரணம். புதிய உரிமம் வாக்கரின் நண்பர் எட்மண்ட் ராண்டால்ஃப் வழியாக மார்கன், கேரிசன் ஆகியோரிடம் சேர்ந்தது. வாண்டர்பில்ட் தம் கப்பல்களை உடனே நிறுத்தினார். புதிய உரிமையாளர்கள் வேறு கப்பல்களை ஓட்டத் தொடங்கும் வரை பாதை வெறிச்சோடியது. போர் தொடங்கிய அந்த வாரங்களில் வாக்கருக்கு ஆளும் வரவில்லை, ஆயுதமும் வரவில்லை. வணிகப் போட்டியில் ஒரு தரப்பைத் தேர்ந்ததன் மூலம் தம் உயிர்நாடியின் மீது கைவைக்கும் பகைவரை அவரே உருவாக்கிக் கொண்டார்.

வில்லியம் ஸ்க்ராக்ஸ் 1916இல் வெளியிட்ட ஆய்வு, படையெடுப்பாளர்களையும் நிதிமுதலாளிகளையும் தலைப்பிலேயே இணைத்தது. முதலாளிகளின் போட்டியே அனைத்தையும் தீர்மானித்தது என்று அதனைக் கொண்டு முடிவுகட்ட இயலாது. பாதை இருந்தும் அழைப்பை இழந்தவர் நிலைக்க முடியாது என்பதை வாக்கரின் ஆட்சிக்காலம் காட்டுகிறது.

ஆட்சி: அழைத்தோரை இழந்த கதை

1856 மே மாதத்தில் அமெரிக்கத் தலைவர் பிராங்க்ளின் பியர்ஸ், ரிவாஸ் அரசின் தூதராக வந்த அகுஸ்தின் விஹில் என்னும் பாதிரியாரை ஏற்று, அவ்வரசுக்கு அங்கீகாரம் அளித்தார். குற்றமெனச் சட்டம் கூறிய செயலின் விளைவை அதே அரசு ஒப்புக்கொண்டது. ஆனால் ஜூனில் ரிவாஸே வாக்கரிடமிருந்து பிரிந்து லியோன் பகுதிக்குச் சென்று அவரைத் துரோகி என அறிவித்தார். வாக்கர் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதியில் தேர்தல் நடத்தித் தாமே தலைவரானார்.

தலைவரான வாக்கர் பிறப்பித்த ஆணைகள் அவருடைய நோக்கத்தை வெளிப்படையாக்கின. எதிர்ப்போரின் நிலங்களைப் பறிமுதல் செய்ய ஓர் ஆணை வந்தது. நில உரிமைப் பத்திரங்கள் அனைத்தையும் பதிவு செய்ய மற்றோர் ஆணை வந்தது. பதிவுமுறைக்குப் பழகிய அயலவருக்கு அது சாதகமானது. வாய்மொழி வழக்கிலும் பழைய ஆவணங்களிலும் நின்ற உள்ளூர் உடைமையாளருக்குப் பாதகமானது. நிலம் வெள்ளையர் கைக்கு மாறுவதே இவ்வாணைகளின் போக்கு என்பதைத் தம் நூலில் வாக்கரே மறைக்காமல் எழுதியுள்ளார். ஸ்பானிய மொழிக்கு நிகராக ஆங்கிலமும் ஆவணமொழியாயிற்று.

1856 செப்டம்பர் 22ஆம் நாளைய ஆணை இவற்றின் உச்சம். பழைய மத்திய அமெரிக்கக் கூட்டாட்சியின் சட்டங்கள் செல்லாது என அது அறிவித்தது. 1824இல் அடிமைமுறையை ஒழித்த சட்டமும் அவற்றுள் ஒன்று. ‘அடிமை’ என்னும் சொல்லைத் தலைப்பில் தாங்காமலேயே அவ்வாணை அடிமைமுறைக்கு வழிதிறந்தது. காஸ்தெயோன் ஒப்பந்தத்தில் ‘வீரர்’ என்னும் சொல் மறைந்ததைப் போன்றே இங்கும் சட்டமொழி செயலை மறைத்து நின்றது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பணமும் ஆட்களும் தம் பக்கம் திரும்ப வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆனால் வாக்கர் தென்மாநிலங்களை நோக்கித் திரும்பிய அளவுக்கு மத்திய அமெரிக்காவிலிருந்து விலகினார். அவரை முன்னேற்றத்தின் தூதராகக் கண்ட தாராளவாதிகளுக்கு அவரை ஆதரிக்க எக்காரணமும் எஞ்சவில்லை.

எதிர்ப்பு: ஐந்து குடியரசுகளின் போர்

வாக்கரின் ஆபத்தை முதலில் உணர்ந்து செயற்பட்டவர் கோஸ்டாரிகாவின் தலைவர் ஹுவான் ரஃபாயேல் மோரா. 1856 மார்ச் மாதத்தில் அந்நாடு போரில் இறங்கியது. மார்ச் 20 அன்று சாந்தா ரோசா பண்ணையில் வாக்கரின் படைப்பிரிவொன்று சில நிமிடங்களில் முறியடிக்கப்பட்டது. ஏப்ரல் 11 அன்று ரிவாஸில் கடும்போர் நடந்தது. வாக்கர் பின்வாங்கினார், கோஸ்டாரிகருக்கும் பேரிழப்பு. அதற்குப் பின்னரே பெருந்துயரம் நேர்ந்தது. போர்க்களத்தில் தோன்றிய காலரா, திரும்பிய படையுடன் கோஸ்டாரிகாவுக்குள் நுழைந்தது. அந்நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினர் அதற்குப் பலியாயினர் என மதிப்பிடப்படுகிறது. வாக்கரின் படையெடுப்பால் நேர்ந்த உயிரிழப்பை எண்ணுவோர் துப்பாக்கிக்குப் பலியானவர்களோடு நின்றுவிடுதல் தகாது.

குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ் ஆகியனவும் ஜூலையில் கூட்டணி அமைத்தன. 1856 செப்டம்பர் 12 அன்று லியோனில் நிகராகுவாவின் இரு கட்சிகளும் தம் பகையை ஒத்திவைத்து வாக்கருக்கு எதிராக உடன்படிக்கை செய்துகொண்டன. வாக்கர் நுழைந்த கதவு இவ்வுடன்படிக்கையால் மூடப்பட்டது எனலாம். இரண்டு நாட்களுக்குப் பின் சான் ஹசிந்தோ பண்ணையில் ஹோசே தொலோரெஸ் எஸ்த்ராதாவின் தலைமையில் ஏறத்தாழ 160 பேர், அவர்களைவிட எண்ணிக்கையில் மிக்க வாக்கரின் படையை விரட்டினர். மத்தகல்பாப் பகுதியின் தொல்குடி வில்லாளர்களும் அவர்களுள் இருந்தனர். அப்போரில் வாக்கர் தரப்பில் தலைமையேற்றவர் பைரன் கோல். தோல்விக்குப் பின் அவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அழைப்பின் ஒப்பந்தத்தைச் சுமந்து வந்தவரின் முடிவு இது.

நவம்பர், டிசம்பர் மாதங்களில் கூட்டுப்படையால் சூழப்பட்ட கிரனாடாவைக் காக்க இயலாத நிலையில், வாக்கரின் ஆணைப்படி அவருடைய படைத்தலைவர் ஹென்னிங்சென் அந்நகரை எரித்தார். ‘இங்கே கிரனாடா இருந்தது’ என்று எழுதிய பலகையை இடிபாடுகளில் நட்டுச் சென்றார். ஸ்பானியர் 1524இல் நிறுவிய நகரம் அது.

இறுதி அடி பாதையின் மீது விழுந்தது. வாண்டர்பில்ட்டின் முகவராகச் செயற்பட்ட சில்வனஸ் ஸ்பென்சர், ஆற்றின் போக்கையும் கப்பல்களையும் அறிந்தவர். அவர் வழிகாட்ட, கோஸ்டாரிகப் படை டிசம்பர் இறுதியில் சான் ஹுவான் ஆற்றின் நீராவிப் படகுகளையும் கோட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கைப்பற்றியது. அட்லாண்டிக் கரையிலிருந்து வந்த ஆட்களும் உணவும் நின்றன. படையை விட்டு ஓடுவோருக்கு ஊர் திரும்பப் பயணச்சீட்டு என்னும் மோராவின் அறிவிப்பு எஞ்சியோரையும் கரைத்தது. 1857 மே 1 அன்று ரிவாஸில் வாக்கர் சரணடைந்தார். அவர் சரணடைந்தது மத்திய அமெரிக்கத் தளபதிகளிடம் அன்று. அமெரிக்கக் கடற்படையின் சார்ல்ஸ் ஹென்றி டேவிஸிடம். 16 அதிகாரிகளுடன் பாதுகாப்பாகப் பனாமாவுக்கு ஏற்றிச் செல்லப்பட்டார். அழைப்பும் பாதையும் விலகிய பின்னும் மூன்றாவது தாங்கலான தாய்நாட்டின் அரவணைப்பு அவருக்கு எஞ்சியிருந்தது.

அதுவும் நெடுநாள் நிற்கவில்லை. 1857 டிசம்பரில், மீண்டும் நிகராகுவாக் கரையில் இறங்கிய வாக்கரைக் கொமொடோர் ஹிராம் பால்டிங் கைது செய்து திருப்பியனுப்பினார். அயல்மண்ணில் கைது செய்தது தவறென அமெரிக்கத் தலைவர் புக்கானன் பால்டிங்கைக் கண்டித்தார். வாக்கருக்கோ இம்முறையும் தண்டனை கிடைக்கவில்லை. 1860இல் அவர் ஹோண்டுராஸை நாடினார். பிரித்தானியா விட்டுக்கொடுக்கவிருந்த வளைகுடாத் தீவுகளின் ஆங்கிலேயக் குடியினர் சிலர் அழைத்ததே அதற்குத் தூண்டுதல். அவ்வழைப்புக்குப் பின்னால் ஒரு கட்சியும் இல்லை, பாதையும் இல்லை. துருஹியோவில் தொடங்கிய முயற்சி ஒரு மாதத்தில் முடிந்தது. பிரித்தானியக் கப்பலான இகாரஸின் தலைவர் நோவெல் சால்மனிடம் சரணடைந்த வாக்கரை அவர் ஹோண்டுராஸ் அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். செப்டம்பர் 12 அன்று தண்டனை நிறைவேறியது.

ஒப்பீடு: சரவாக்கின் வெள்ளை ராஜா

இம்மூன்று தாங்கல்களும் நிலைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதற்குப் போர்னியோத் தீவின் சரவாக் விடையளிக்கிறது. 1839இல் தம் சொந்தக் கப்பலில் கூச்சிங் சேர்ந்த ஆங்கிலேயர் ஜேம்ஸ் புரூக், புரூணை அரசகுலத்தவரான ராஜா மூடா ஹாஷிமின் வேண்டுகோளை ஏற்று உள்நாட்டுக் கிளர்ச்சியை அடக்கத் துணைபுரிந்தார். அதற்கு ஈடாக 1841இல் சரவாக்கின் ஆட்சியைப் பெற்றார். அழைப்பு, உள்நாட்டுப் பூசல், அயலவரின் ஆயுதம் என்னும் தொடக்கம் நிகராகுவாவை ஒத்ததே.

வேறுபாடு அதற்குப் பிந்தையது. கடற்கொள்ளையரை ஒடுக்குதல் என்னும் பெயரில் பிரித்தானியக் கடற்படை புரூக்கின் எதிரிகளைத் தாக்கியது. சிங்கப்பூருடனான வணிகம் அவருக்குப் பொருளாதார அடித்தளம் தந்தது. உள்ளூர்த் தலைவர்களில் ஒரு பகுதியினரை ஆட்சியில் பங்காளிகளாக அவர் வைத்துக் கொண்டார். 1864இல் பிரித்தானியா சரவாக்கைத் தனிநாடாக ஏற்றது. புரூக் குடும்பத்தின் ஆட்சி 1946 வரை நீடித்தது. புரூக் நற்பண்பினர், வாக்கர் கொடியவர் என்னும் எளிய எதிர்நிலை இவ்வேறுபாட்டை விளக்காது. புரூக்கின் போர்களிலும் உயிர்ச்சேதம் குறைவில்லை. ஒருவரின் பின்னால் பேரரசின் கடற்படை தொடர்ந்து நின்றது. மற்றவரின் பின்னால் நின்றவை ஒவ்வொன்றாக நகர்ந்தன.

சான்றும் நினைவும்

வாக்கரைக் குறித்த ஆய்வுகளுக்கு அடிப்படைச் சான்றாக விளங்குவது அவரே எழுதி 1860இல் மொபைல் நகரில் வெளியிட்ட நிகராகுவாப் போர் குறித்த நூல். அதில் அவர் தம்மைப் படர்க்கையில் ‘வாக்கர்’ என்றே குறிப்பிடுகிறார். இந்நடை, தன்வரலாற்றுக்கு நடுநிலை வரலாற்றின் தோற்றத்தை அளிக்கிறது. அடுத்த படையெடுப்புக்கு ஆதரவு திரட்டும் வேளையில் வெளிவந்த நூல் என்பதையும் மறத்தலாகாது. போர் விவரங்களில் அதன் துல்லியத்தை ஆய்வாளர்கள் மதிக்கின்றனர். ஆயினும் படையெடுப்பின் மையத்தில் ஒரு தனிமனிதரை நிறுத்தும் பார்வையும் அந்நூலிலிருந்தே பின்னைய வரலாறுகளுக்குள் புகுந்தது.

மத்திய அமெரிக்காவின் நினைவு வேறுவகையானது. ரிவாஸ் போரில் எதிரி தங்கிய கட்டடத்துக்குத் தீவைத்து உயிர்நீத்த ஹுவான் சாந்தாமரியா, அலஹுவேலா ஊரைச் சேர்ந்த எளிய முரசறைவோர். குவாத்தமாலாவிலிருந்து புதிய அச்சுறுத்தல் எழுந்த 1885ஆம் ஆண்டில்தான் அவர் பெயர் பரவலாக எடுத்துரைக்கப்பட்டது. 1891இல் அவருக்குச் சிலை எழுந்தது. இன்று ஏப்ரல் 11 கோஸ்டாரிகாவிலும், சான் ஹசிந்தோ வெற்றி நாளான செப்டம்பர் 14 நிகராகுவாவிலும் தேசிய விடுமுறைகள். இந்நினைவிலும் ஒரு மௌனம் உண்டு. படையெடுப்பை எதிர்த்தோர் சிலையாக நிற்கின்றனர். படையெடுப்பாளரை அழைத்தோர் பேசப்படுவதில்லை. ஆனால் அழைத்த பழியை நிகராகுவாவின் தாராளவாதிகள் நெடுங்காலம் சுமந்தனர். போருக்குப் பின் சில ஆண்டுகளில் பழைமைவாதிகளின் கைக்கு வந்த ஆட்சி 1893 வரை அவர்களிடமே இருந்தது.

போரில் வென்ற மோராவின் முடிவும் கருதத்தக்கது. 1859இல் அவர் பதவியிலிருந்து வீழ்த்தப்பட்டார். ஆட்சியை மீட்கத் திரும்பியபோது பிடிபட்டு, 1860 செப்டம்பர் 30 அன்று புந்தாரெனாஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். வாக்கர் இறந்து பதினெட்டு நாட்களே ஆகியிருந்தன. அயலவரை அழைக்கத் தூண்டிய உள்நாட்டுப் பகைமை, அயலவரை விரட்டியதோடு தீர்ந்துவிடவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவதாக, வாக்கரின் வெற்றி அவருடைய படைபலத்தால் விளைந்ததன்று. இரு கட்சிகளும் ஒன்றையொன்று அழிக்க முனைந்த அரசியல் வெற்றிடத்தில் விளைந்தது. இரண்டாவதாக, அவர் படையின் வலிமை கம்பெனியின் கப்பல் அட்டவணையோடு ஏறி இறங்கியது. மூன்றாவதாக, நடுநிலைமைச் சட்டம் படையெடுப்பைத் தடுக்கவில்லை. மாறாக, படையெடுப்பு எந்தச் சொற்களில் எழுதப்பட வேண்டும் என்பதை மட்டும் தீர்மானித்தது. ‘வீரர்’ குடியேறியானதும், அடிமைமுறை சட்டநீக்கமானதும் இதன் விளைவுகளே.

தனியார் படையெடுப்பாளரை அரசுக்கு வெளியே நின்ற தனியன் எனக் கொள்ளும் வரையறை மறுபரிசீலனைக்குரியது. அவர் வெற்றி பெறும்போது அரசு அங்கீகரிக்கிறது, தோற்கும்போது மீட்கிறது, சுமையாகும்போது கைவிடுகிறது. பொறுப்பை ஏற்காமல் பயனை எதிர்நோக்கும் இவ்வுறவே வாக்கரின் வரலாறு எழுப்பும் முதன்மைச் சிக்கல். வேறு காலங்களிலும் வேறு நிலங்களிலும் தோன்றிய தனியார் படைகளை ஆராய்வோர், படைத்தலைவரின் வாழ்க்கையோடு அழைத்தவர் யார், ஏற்றிச் சென்றவர் யார், கண்டும் காணாதிருந்தவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும்.